மீனைக் காக்கும் உப்பு, குட்டியானையைத் தின்றால்..?

பாம்பனில் கருவாடு வியாபாரம் செய்யும் அந்த அம்மாவுக்கு உப்பைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. எந்த மீனுக்கு எத்தனை கை உப்பு, எத்தனை நாள் வெயில் என்பதெல்லாம் 30 வருடங்களாக அவர் கைக்கே தெரியும். ஆனால், அதே உப்பு தன் வண்டியின் தரையை அரித்துக்கொண்டிருப்பது மட்டும் தெரியாமலே இருந்தது.

வண்டி ஒரு குட்டியானை. கணவர் கடன் வாங்கி எடுத்தது. கடைசித் தவணை கட்டிய மறுவருடமே அவர் காலமாகிவிட்டார். இப்போது ஓட்டுவது மகன். வாரச்சந்தைகளுக்கு நெத்தலி, சாளை, வாளைக் கருவாடு ஏற்றிப்போவதும், வரும்போது கிடைக்கிற வாடகைச் சரக்கை ஏற்றி வருவதும்தான் வீட்டின் மொத்த வருமானம்.

மாசி மாதத்தில் ஒருநாள், சாக்குகளை இறக்கிவிட்டுப் பின்பக்கம் ஏறிய மகனின் குதிகால், தகரத்துக்குள் இறங்கிவிட்டது. அப்பளத்தை மிதித்ததுபோல ஒரு சத்தம். ஓட்டை வழியே கீழே மண் தெரிந்தது. ஜூன் மாதம் வண்டிக்கு எஃப்.சி. காட்ட வேண்டும்.

ஆளுக்கொரு வைத்தியம்

செய்தி பரவியதும் ஆளுக்கொரு யோசனை வந்தது.

"பழைய இன்ஜின் ஆயிலை அடியில அடிச்சு விடு. எங்கப்பா காலத்துல அதான்" என்றார் ஒருவர். "ரெட் ஆக்சைடு ரெண்டு கோட்டு போதும்" என்றார் இன்னொருவர். "மேல ஒரு செக்கர் பிளேட்டைப் போட்டு மூடிரு" என்றார் மூன்றாமவர்.

வண்டி வாங்கி விற்கும் தெரிந்தவர் ஒருவர் சொன்னதுதான் மகனுக்குப் பிடித்திருந்தது. "ஓட்டையில பட்டி வெச்சு, மேல கறுப்பா ரப்பர் கோட்டிங் அடிச்சிருவோம். புது வண்டி மாதிரி இருக்கும். நல்ல விலைக்கு வித்திரலாம். வாங்குறவனுக்கு ஒரு வருஷம் கழிச்சுத்தான் தெரியும்."

அந்த அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மகனிடம் கேட்டார். "உன் காலு உள்ள போச்சே, அந்த இடத்துல நாளைக்கு அவன் வீட்டுப் புள்ள நிக்கும். பரவாயில்லையா?"

விற்கிற பேச்சு அதோடு முடிந்தது. எதைப் பூசுவது என்ற கேள்வி மட்டும் மிச்சமிருந்தது.

உப்பு என்ன செய்கிறது?

இரும்பும் தண்ணீரும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் சேர்ந்தால் துரு. இதில் உப்பு கலந்துவிட்டால், தண்ணீரில் மின்னோட்டம் எளிதாகப் பாய்கிறது. துருப்பிடித்தல் என்பதே ஒரு மின்வேதி வினை என்பதால், வேலை வேகமாக நடக்கிறது.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. காற்றில் ஈரப்பதம் சுமார் 75 சதவிகிதத்தைத் தாண்டினால், சாதாரண உப்பு காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்துக் கரையத் தொடங்கும். கடல் உப்பில் இருக்கும் மெக்னீசியம் குளோரைடு அதற்கும் முன்பாகவே கசியும். மழைக்காலத்தில் கல் உப்பு ஜாடி நசநசப்பதை எல்லா வீட்டிலும் பார்த்திருப்போம். சாக்குக்கு அடியில் சிந்திய உப்பும் அப்படித்தான். மழையே பெய்யாவிட்டாலும் தகரம் ஒவ்வோர் இரவும் நனைந்துகொண்டிருந்தது.

துரு, இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். அதனால் மேலிருக்கும் பெயின்ட்டைக் கொப்புளம்போல உப்பவைத்துத் தள்ளும். அந்த வழியாக இன்னும் தண்ணீர் இறங்கும்.

வண்டியைக் கழுவிய தண்ணீரும் சும்மா இல்லை. குடிக்கிற தண்ணீரைக் குடம் கணக்கில் காசு கொடுத்து வாங்குகிற தெரு அது. வண்டியை வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில்தான் கழுவினார்கள். அது கரிக்கும் தண்ணீர். கழுவக் கழுவ உப்பு ஏறியது.

ஸ்க்ரூ டிரைவரோடு வந்த டிங்கர்

ராமநாதபுரத்தில் ஒரு வயதான டிங்கர், எதையும் பூசுவதற்கு முன்னால் வண்டியின் கீழே படுத்தார். சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போனார். நல்ல தகரம் 'டங்' என்றது. அரித்த இடம் 'டப்' என்றது. சந்தேகமான இடங்களில் ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பார்த்து, சாக்பீஸால் வட்டம் போட்டார்.

"என்ன அடிக்கலாம்ண்ணே?" என்று கேட்டார் அம்மா.

"அடிக்கிறது கடைசி வேலை தங்கச்சி. போன தகரத்துக்கு மருந்து கிடையாது, வெட்டித்தான் எடுக்கணும். இருக்கிற தகரத்தைக் காப்பாத்தத்தான் பெயின்ட்டு."

பிறகு ஒவ்வொரு யோசனைக்கும் பதில் சொன்னார். செக்கர் பிளேட்டைத் துருவின் மேல் போட்டால், இரண்டு தகரத்துக்கும் நடுவில் உப்புத்தண்ணீர் தங்கும். காயத்தைக் கழுவாமல் கட்டுப்போடுவது போலத்தான். பழைய ஆயில் கொஞ்ச காலம் ஈரத்தைத் தடுக்கும். ஆனால், ரப்பர் புஷ்களைக் கெடுக்கும், தூசியை ஒட்டவைக்கும், ரோட்டிலும் மண்ணிலும் சொட்டும். ரெட் ஆக்சைடு பனியன் மாதிரி, மேலே சட்டை போடாமல் வெளியே அனுப்பக் கூடாது. அது வெறும் பிரைமர். தனியாக விட்டால் அதன் வழியே ஈரம் உள்ளே போகும்.

தார், ரப்பர் வகைக் கறுப்புக் கோட்டிங்குகள்? சுத்தமான, பிரைமர் அடித்த தகரத்தின் மேல் நல்லவை. டயர் தூக்கி அடிக்கும் கல்லைத் தாங்கும். ஆனால், துருவின் மேல் அடித்தால் அல்லது வயதாகி வெடித்தால், தண்ணீர் பின்னால் புகுந்து உட்கார்ந்துகொள்ளும். வெளியே கறுப்பாகப் பளபளக்கும், உள்ளே தகரம் கரைந்துகொண்டிருக்கும்.

கடுக்காய் செய்கிற வேலை

கடைகளில் விற்கும் 'ரஸ்ட் கன்வெர்ட்டர்' பற்றி மகன் கேட்டான். அதில் பெரும்பாலும் டானிக் அமிலமோ பாஸ்பாரிக் அமிலமோ இருக்கும். டானிக் வகை, துருவோடு சேர்ந்து அதைக் கருநிறப் படலமாக மாற்றும். கலம்காரித் துணியில் கடுக்காயும் இரும்பும் சேர்ந்து கறுப்பு நிறம் தருவதும் இதே டானின் வேலைதான்.

ஆனால், இது சொரசொரப்பில் மிஞ்சிய மெல்லிய துருவுக்கு மட்டுமே. செதில் செதிலாக உரியும் துருவின் மேல் ஊற்றினால், மேல் தோல்தான் கறுக்கும். அடித்த பிறகு பெயின்ட்டும் அவசியம்.

துத்தநாக பிரைமர் வேறு வகை. துத்தநாகம் தான் அரிபட்டு இரும்பைக் காப்பாற்றும். அதற்கு அது வெறும் இரும்பைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். பழைய பெயின்ட்டின் மேலோ, துருவின் மேலோ அடித்தால் அந்தக் காசு வீண்.

தடைக்காலத்தில் நடந்த வேலை

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். வண்டிக்கு ஓட்டம் குறைவு, சித்திரை வெயிலும் சேர்ந்துகொள்ளும். அந்த நாள்களையே அம்மா தேர்ந்தெடுத்தார். பணத்துக்குச் சீட்டை முன்கூட்டியே எடுத்தார்.

முதலில், நல்ல தண்ணீர் கிடைக்கும் வாட்டர் சர்வீஸ் கடையில் மேலும் கீழும் உப்புப் போகக் கழுவினார்கள். நன்றாகக் காயவிட்டார்கள். பேட்டரி இணைப்பைக் கழற்றி, டீசல் டியூபுகளைப் பாதுகாப்பாக ஒதுக்கிய பிறகுதான் வெட்டலும் வெல்டிங்கும். கோட்டிங் வகைகள் பலவும் எரியக்கூடியவை என்பதால், வெல்டிங் எப்போதும் பூச்சுக்கு முன்னால்தான். வெல்டிங் சூடு தகரத்தின் மறுபக்கப் பெயின்ட்டையும் கருக்கிவிடும். அதனால் இரண்டு பக்கமும் சுரண்டினார்கள்.

கம்பி பிரஷ், பிறகு உப்புத்தாள், பிறகு தின்னர் நனைத்த துணி. குழிகளில் மட்டும் கன்வெர்ட்டர். அதன் மேல், இரண்டு டப்பாக்களைக் கலந்து அடிக்கும் எபாக்சி பிரைமர். எபாக்சி தகரத்தை இறுகப் பிடிக்கும், தண்ணீரையும் நன்றாகத் தடுக்கும். நேர் வெயிலில் மட்டும் நாளடைவில் மாவுபோல உதிரும். அதனால் சரக்கு ஏற்றும் மேல்பக்கத்துக்கு அதன் மேல் பி.யு. பெயின்ட். இதை ஸ்ப்ரே செய்யும்போது சாதாரணத் துணி முகமூடி போதாது, அதற்கான மாஸ்க் வேண்டும். டயர் பக்கம் மட்டும் ரப்பர் கோட்டிங். பெயின்ட் பிரஷ் நுழையாத குறுக்குச் சட்டங்களின் உள்ளே மெழுகு வகை ஸ்ப்ரே. அது முழுவதும் இறுகாது, மெல்லப் பரவி இடுக்குகளை மூடும். ஆனால், வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்.

சைலன்சர், பிரேக், சுழலும் ஷாஃப்ட் ஆகியவற்றில் எதுவும் படாமல் காகிதம் ஒட்டினார்கள். தண்ணீர் வடியும் துளைகளைக் குச்சி விட்டுத் திறந்துவைத்தார்கள். அந்தத் துளை அடைபட்டால், எத்தனை விலை உயர்ந்த கோட்டிங்கும் உதவாது.

எல்லாம் முடிந்து வண்டி எஃப்.சி.க்குப் போய் வந்தது. 'வித்திருந்தால் கையில் காசு இருந்திருக்கும்' என்று மகனுக்கு முதல் மாதம் முழுக்க இருந்தது. சீட்டுப் பணம் கட்டும் நாளில் அம்மாவுக்கும் இருந்திருக்கலாம். அவர் சொல்லவில்லை.

பாலத்துக்கும் அதே கதைதான்

அவர்கள் தினமும் பார்க்கும் பாம்பன் ரயில் பாலமும் உப்புக் காற்றோடு போராடியதுதான். 1914-ல் திறக்கப்பட்ட பழைய பாலத்தில், அரிப்பு காரணமாக 2022 டிசம்பரில் ரயில்கள் நிறுத்தப்பட்டன. 2025 ஏப்ரல் 6-ல் திறக்கப்பட்ட புதிய பாலத்துக்கு பாலிசிலாக்சேன் என்ற சிறப்புப் பூச்சும், கட்டுமானத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளும் பயன்படுத்தப்பட்டிருக்கின்றன. காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், 1953 முதல் அரிப்பைப் பற்றியும் ஆராய்ந்துவருகிறது.

உங்கள் வண்டிக்கு...

கடலோரத்தில் இருப்பவர்கள் மட்டுமல்ல, வெள்ளத்தில் கார் நனைந்தவர்களும் கவனிக்க வேண்டும். காரின் ரப்பர் மேட்டையும் அதற்குக் கீழேயுள்ள கார்ப்பெட்டையும் தூக்கித் தொட்டுப் பாருங்கள். ஈரம் தங்கியிருந்தால் தரை உள்ளேயிருந்தே துருப்பிடிக்கும்.

பழைய வண்டி வாங்கும்போது, அடியில் புதிதாகக் கறுப்பு கோட்டிங் தெரிந்தால் மகிழ்ந்துவிடாதீர்கள். ஒரு சின்னக் காந்தத்தை வைத்துப் பாருங்கள். தடிமனாகப் பட்டி வைத்த இடத்தில் அது ஒட்டாது.

புது கார்களின் உடலைத் தொழிற்சாலையிலேயே பிரைமர் தொட்டியில் முக்கி, மின்சாரம் மூலம் பூசித்தான் அனுப்புகிறார்கள். அதன் மேல் கூடுதல் கோட்டிங் தேவையா என்பது, வண்டி எங்கே ஓடுகிறது என்பதைப் பொறுத்தது. உப்புக் காற்றே படாத ஊரில் மட்டும் ஓடும் காருக்கு, அடிப்பாகத்தைக் கழுவி வருடம் ஒருமுறை பார்ப்பதே பெரும்பாலும் போதும்.

இப்போது அந்தக் குட்டியானையில் சாக்குகள் நேராகத் தகரத்தில் உட்காருவதில்லை. கழற்றி எடுக்கக்கூடிய மரச்சட்டம், அதன் மேல் தார்ப்பாய். வாரம் ஒருமுறை இரண்டையும் தூக்கி, விலை கொடுத்து வாங்கிய நல்ல தண்ணீரில் அடியைக் கழுவுகிறான் மகன். தண்ணீர்ச் செலவு கணக்கு நோட்டில் டீசலுக்குக் கீழே தனி வரியாக ஏறுகிறது.

மற்ற கருவாட்டு வியாபாரிகள் வந்து, "என்ன கோட்டிங் அடிச்சீங்க, பேர் சொல்லுங்க" என்று கேட்கிறார்கள். அந்த அம்மா பெயர் சொல்வதற்கு முன்னால் ஒன்று சொல்கிறார்.

"முதல்ல சாக்கைத் தூக்கிப் பாருங்க. பெயின்ட் கடைக்கு அப்புறம் போவோம்."