கம்பெனிக் கடைப் பாக்கி

அன்பு மல்லிகா,

உன் மாப்பிள்ளை காரில் ஓயாமல் போடுகிற அமெரிக்கப் பாட்டு ஏதோ பயில்வான் பாட்டு என்று எழுதியிருந்தாயே, மேலுக்கு அப்படித்தான்டீ இருக்கும். பாடுகிறவன் தன் தோள்வலியைப் பீற்றிக்கொள்கிறான், எதிரே வருகிறவனை ஒதுங்கச் சொல்லி மிரட்டுகிறான். உள்ளே போய்ப் பார்த்தால் முழுக்கக் கடன் கணக்கு!

பாட்டின் பெயர் ‘சிக்ஸ்டீன் டன்ஸ்’. 1946-இல் எழுதிப் பாடியவர் மெர்ல் டிராவிஸ், கென்டக்கி நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியின் பிள்ளை. அந்தக் காலத்தில் அந்தப் பக்கத்து ஊர்கள் பலவற்றில் சுரங்கம், வீடு, மளிகைக்கடை எல்லாம் ஒரே கம்பெனியுடையது. சம்பளத்துக்கு முன்னால் தொழிலாளி கைச்செலவுக்குக் கேட்டால் டாலர் தரமாட்டார்கள். கம்பெனி பெயர் பொறித்து, நடுவில் ஓட்டை போட்ட பித்தளை வில்லையை நீட்டுவார்கள். அது அவர்கள் கடையில்தான் செல்லும், விலையும் பல இடங்களில் வெளியைவிடக் கூடுதல். வாடகைக்குப் பிடித்தம், டாக்டருக்குப் பிடித்தம், பாறை பிளக்கிற வெடிமருந்துக்கும் இவன் கூலியிலேயே பிடித்தம். வெட்டின கரிக்கு டன் கணக்கில் கூலி, எடை போடுகிறவனோ கம்பெனி ஆள். (சங்கம் வைத்துச் சண்டை போட்டுத்தான் தராசடியில் தங்கள் ஆளை நிறுத்தினார்கள்.) இத்தனையும் போக மிஞ்சுவது என்ன? செத்துப்போகக்கூட எனக்கு வசதியில்லை, கடைக்குப் பாக்கி இருக்கிறது என்பாராம் டிராவிஸின் அப்பா. பாட்டின் உயிரே அந்தப் பேச்சுதான்.

பாட்டில் வருகிறவனின் வீறாப்பை நான் குறை சொல்ல மாட்டேன். முதலாளியிடம் காட்ட முடியாததை வழியில் வருகிறவனிடம் காட்டுகிறான், பாவம்.

இன்னொரு சங்கதி கேள். 1955-இல் டென்னஸி எர்னி ஃபோர்டு இதைப் பாடினபோது இசைத்தட்டின் மறுபக்கத்தில்தான் போட்டார்கள். ஒத்திகையில் தாளத்துக்காக அவர் விரல் சொடுக்க, அது நன்றாயிருக்கிறதே, அப்படியே இருக்கட்டும் என்றாராம் தயாரிப்பாளர். கடைசியில் மறுபக்கம்தான் முதலிடத்துக்குப் போனது!

இதைவிடக் கூத்து 2005-இல். நிலக்கரி இனி சுத்தமானது, அழகானது என்று ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனி ஒரு டிவி விளம்பரம் எடுத்தது. சுரங்கத்துக்குள் மாடல் அழகிகளும் ஆணழகர்களும் நளினமாகக் கரி வெட்டுகிறார்கள், பின்னணியில் இதே பாட்டு! தேர்ந்தெடுத்த மகானுபாவன் ஒருதரமாவது அதை முழுசாகக் கேட்டிருப்பானாடீ?

உன்,
சாரதா