ஒன்பதாவது பாட்டில் காத்து இல்லை

நாங்கள் நாலு பேர். யட்டவத்த பக்கம் ஒரு தோட்டத்து லயத்துப் பிள்ளைகள். யாரும் சங்கீதம் படித்ததில்லை. ஒருத்தன் மட்டும் மாத்தளை டவுனுக்கு கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தான். அவன் வீட்டில் மாமா கொழும்பிலிருந்து கொண்டு வந்து போட்ட பழைய பென்டியம் 4 ஒன்று இருந்தது. 2012 மாசியில் காமன் கூத்து முடிந்த கையோடு எங்களுக்கு ஒரு யோசனை வந்தது. கூத்துப் பாட்டு, தாலாட்டு, கும்மி, கொழுந்துப் பாட்டு, ஒப்பாரி எல்லாத்திலும் கொஞ்சம் கொஞ்சம் பதிந்து ஒரே சீடியில் போடுவோம் என்று.

இதுக்கு சாம்ப்ளர் என்று பேர். 1968இல் இங்கிலாந்தில் சிபிஎஸ் கம்பெனி தன்னிடமிருந்த பல பாடகர்களின் பாட்டில் ஒவ்வொன்றை எடுத்து ஒரே இசைத்தட்டில் போட்டு, 14 ஷில்லிங் 11 பென்ஸ் என்று மலிவாக விற்றது. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம், அவ்வளவுதான். எங்களிடம் விற்க ஒன்றும் இல்லை. கொழும்புக் கடைகளில் நிற்கிற எங்கள் அண்ணன்மாருக்கும் அரபு நாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போன அக்காமாருக்கும் அனுப்பினால் கேட்பார்களே என்றுதான் ஆசைப்பட்டோம்.

பாட்டுகளை எழுதி வைத்தவர்கள் இல்லாமல் இல்லை. சி. வி. வேலுப்பிள்ளை தோட்டத்துப் பாட்டுகளைத் தேடிச் சேர்த்தது 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்று புத்தகமாகவே இருக்கிறது. ஆனால் புத்தகத்தில் சொல் இருக்கும், ராகம் இருக்காது. இழுவை எங்கே, மூச்சு எங்கே என்று பாடுகிற வாயிலிருந்துதான் தெரியும்.

சாப்ட்வேர் ஆடாசிட்டி. அமெரிக்காவில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் டொமினிக் மசோனி, ரோஜர் டேனன்பெர்க் என்ற இரண்டு பேர் தொடங்கியது. 2000 மே மாதம் வெளியே விட்டார்கள். காசு கிடையாது, அதனால்தான் எங்கள் கைக்கு வந்தது. நாங்கள் வைத்திருந்தது 1.2.6. எம்பி3 ஆக மாற்றணும் என்றால் லேம் என்ற இன்னொரு பைலைத் தனியாக இறக்கிக் காட்ட வேண்டும். அதுக்கே ஒரு ஞாயிற்றுக்கிழமை போச்சு.

மைக் இல்லை, போனில்தான் பதிந்தோம். அந்தப் போன் ஒரு விநாடிக்கு 8000 தடவைதான் சத்தத்தை அளந்து எடுக்கும். சீடிக்கு 44,100 தடவை வேணும். மாற்றிக் கொடுத்தால் சீடி வாங்கிக்கொள்ளும், ஆனால் போன் எடுக்காத சத்தம் எங்கிருந்தோ வந்துவிடாது. பழைய சட்டையை இஸ்திரி போட்ட மாதிரிதான்.

தப்பு பதிந்தது தனிக் கதை. தாத்தா வைக்கோலைக் கொளுத்தி, தோலைக் காய்ச்சி, விரலால் தட்டிப் பார்த்து, மறுபடி காய்ச்சி, பிறகுதான் அடித்தார். பக்கத்தில் போனை வைத்திருந்தோம். கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தால் அலை முழுக்க மேலேயும் கீழேயும் கத்தியால் வெட்டின மாதிரி தட்டையாக நின்றது. கேட்டால் தகரம் கிழிகிற சத்தம். சத்தம் அளவுக்கு மிஞ்சி அலையின் உச்சி வெட்டுப்பட்டால் அதை எந்த எபெக்டாலும் ஒழுங்காக ஒட்ட முடியாது. அடுத்த வாரம் இருபது அடி தள்ளி நின்று பதிந்தோம். அது சரியாக வந்தது.

அட்டையில் தாத்தா பேரைப் போடுவோம் என்றதும் அவருடைய பேரன் வேண்டாம் என்றுவிட்டான். அவனும் எங்களில் ஒருத்தன்தான். "தப்படிக்கிற வீடுன்னு ஊரெல்லாம் சீடி போட்டுச் சொல்லணுமா?" என்று கேட்டான். எங்களில் மத்த மூணு பேருக்கும் அந்தப் பேச்சு ஒரு நாளும் விழுந்ததில்லை. அதனால் பதில் சொல்ல வாய் வரவில்லை. கடைசியில் யார் பேரும் போடவில்லை. எல்லாருக்கும் சமம் என்று எங்களுக்கு நாங்களே சொல்லிக்கொண்டோம். தாத்தாவிடம் கேட்டோமா என்றால், இல்லை.

இப்போது ஒப்பாரி. தொங்கல் வீட்டு அப்பாயிதான் எங்கள் லயத்தில் ஒப்பாரிக்குப் பேர் போனவர். பாடச் சொன்னதும் எங்களை விளக்குமாற்றால் அடிக்காத குறை. "சாவு விழாத வூட்ல ஒப்பாரி வைக்கச் சொல்றீங்களாடா?" ரெண்டு வாரம் பின்னால் அலைந்தோம். வீட்டில் மாட்டேன், லயத்திலும் மாட்டேன் என்று ஒரு சனிக்கிழமை பின்னேரம் தேயிலை மலைக்குள் கூட்டிப் போனார். சுத்திவர யாரும் இல்லை என்று பார்த்துவிட்டு, செத்துப்போன தன் மூத்த மகளுக்குப் பாடினார். பதினொரு நிமிஷம். நாங்கள் நிமிர்ந்து பார்க்கவே இல்லை.

பதிவில் காத்துச் சத்தம் நிறைய. ஆடாசிட்டியில் இரைச்சலை எடுக்க வழி இருக்கிறது. பாட்டு இல்லாத இடத்தில் வெறும் காத்தை மட்டும் தேர்ந்து காட்டினால், இதுதான் இரைச்சல் என்று அது படித்துக்கொள்ளும். பிறகு முழுப் பாட்டிலும் அதே மாதிரி உள்ளதைக் கழிக்கும். நாங்கள் பட்டனை ஒரேயடியாக இழுத்துவிட்டோம். காத்து போனது. கூடவே ஒவ்வொரு வரி முடிவிலும் அப்பாயி இழுத்து விடுகிற மூச்சும் போனது. குரல் தண்ணித் தொட்டிக்குள் இருந்து வருவது போல் ஆனது. அன்றைக்கு எங்களுக்கு அது பெரிய சாதனை. "ஸ்டூடியோ மாதிரி இருக்குடா" என்று கை தட்டினோம். அதிலிருந்து எழுபது விநாடி வெட்டி ஒன்பதாவது பாட்டாக வைத்தோம்.

அதுக்குப் பிறகுதான் வினை. கம்ப்யூட்டரில் வைரஸ் ஏறி பார்மட் பண்ண வேண்டி வந்தது. எல்லாத்தையும் பென் டிரைவில் எடுத்துவிட்டோம் என்று நினைத்தோம். நாங்கள் எடுத்தது ஏயுபி என்று முடிகிற பைல்களை மட்டும். அந்தப் பைலில் சத்தம் இருக்காது. எந்தத் துண்டு எங்கே வரும் என்ற கணக்குதான் இருக்கும். சத்தம் எல்லாம் பக்கத்தில் டேட்டா என்று முடிகிற போல்டருக்குள் துண்டு துண்டாகக் கிடக்கும். (2021இல் வந்த 3.0இல் இருந்து எல்லாம் ஒரே பைலாகிவிட்டது. எங்களுக்கு ஒன்பது வருஷம் பிந்திய நல்ல செய்தி.) போன் மெமரியை இடம் இல்லை என்று முன்னமே அழித்திருந்தோம். மிஞ்சியது வெட்டி எடுத்து வைத்திருந்த பதினாலு துண்டுகள். தாலாட்டு பாடிய அக்கா மறுபடி பாடித் தந்தார், கும்மியும் கிடைத்தது. அப்பாயியிடம் இன்னொரு தரம் போய் நிற்க எங்களுக்குத் தைரியம் வரவில்லை. பைல் அழிந்துபோச்சு, திரும்ப உங்கள் மகளுக்கு அழுங்கள் என்று எப்படிக் கேட்பது?

சீடி ஒருவழியாக வந்தது. முதல் ஐந்தை எம்பி3 ஆகவே எழுதி, கோயில் ரேடியோக்காரரின் பழைய பிளேயரில் அது ஓடாமல் அசடு வழிந்தோம். பிறகு எல்லாத்தையும் வேவ் ஆக்கி ஆடியோ சீடியாக எழுதினோம். எண்பது நிமிஷ சீடியில் எங்கள் பாட்டு இருபது நிமிஷம். நாற்பது சீடி போனது. சவூதியில் இருந்த ஒரு அக்கா போன் எடுத்து, தப்புச் சத்தத்தை மட்டும் நாலு தரம் போட்டுக் கேட்டேன் என்றார். அதைப் பேரனிடம் சொன்னோம். ஒன்றும் பேசவில்லை, ஆனால் தன் பங்குக்கு வந்த சீடியை வாங்கிக்கொண்டான்.

அந்த வருஷ மழைக்காலத்தில் மேல் லயத்தில் ஒரு சாவு. அப்பாயி தலைமாட்டில் உட்கார்ந்து பாடினார். அரை மணி நேரம் இருக்கும். தகரத்தில் மழை, வெளியே தப்பு, நடுவில் அந்தக் குரல். எங்கள் நாலு பேரிடமும் போன் இருந்தது. ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தோம். யாரும் பையிலிருந்து எடுக்கவில்லை.

காடாத்து முடிந்து பீலியடியில் கை கழுவும்போது அப்பாயி கேட்டார்: "இன்னிக்கும் புடிச்சீங்களாடா?"

"இல்ல அப்பாயி."

"ம்" என்றுவிட்டு, தேத்தண்ணி இருக்கா என்று உள்ளே எட்டிப் பார்த்தார்.