விளக்கு அணையும் வரை

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகக் கல்வராயன் மலை ஏறுகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. மலைக்காற்று மேலே பட்டதும், உலகத்தில் தன்னைப் போன்ற சாது வேறு யாருமில்லை என்ற எண்ணம் மனிதனுக்கு உண்டாகிவிடும். எனக்கும் உண்டாயிற்று. அது ஒரே காலையில் கலைந்த கதைதான் இது.

நாவல் ஒன்றை முடிப்பதற்காக, வெள்ளிமலைக்குப் பக்கத்தில் சிநேகிதர் வீட்டில் ஒரு மாதம் தங்கினேன். சமையலுக்கும் துணைக்கும் மலைவாசிப் பெரியவர் ஒருவர் இருந்தார். எழுதுவதற்கு, என் தங்கை மகன் சீட்டுக்கட்டு அளவில் ஒரு கம்ப்யூட்டர் கொடுத்திருந்தான். இங்கிலாந்தில் 2012-ல் பிறந்த 'ராஸ்பெர்ரி பை' ஜாதி. அதன் ஞாபகமெல்லாம் விரல் நகத்தளவு மெமரி கார்டில் அடக்கம். "மாமா, முறைப்படி மூடிவிட்டுத்தான் ஸ்விட்சை அணைக்க வேண்டும்" என்று சொல்லியனுப்பினான். தினம் இரவு அப்படியே செய்தேன்.

இருபதாம் நாள் காலை கம்ப்யூட்டர் எழுந்திருக்க மறுத்தது. உள்ளே ஏழு அத்தியாயங்கள்! அடுப்பு மூட்டிக்கொண்டிருந்த பெரியவர்மேல் பாய்ந்தேன்.

"ராத்திரி ஸ்விட்சைத் தொட்டீரா?"

"நான் அந்தப் பக்கமே போகலைங்க" என்றார். நான் நம்பவில்லை. சொல்லத் தகாததையெல்லாம் சொன்னேன். அவர் பதில் பேசாமல் காப்பியை வைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் மருமகன் வந்தான். வேறு கம்ப்யூட்டரில் கார்டைப் போட்டு ஐந்து அத்தியாயங்களை மீட்டான்; இரண்டு போனது போனதுதான். மின்சாரம் குறைவாக வருகிறதோ என்று வயரைச் சோதித்தான், குறையில்லை. போலிக் கார்டோ என்று அது நிறையும்வரை எழுதித் திரும்பப் படித்தான், அசல்தான். கடைசியில், "நீங்கள் எப்படி மூடுவீர்கள்? செய்து காட்டுங்கள்" என்றான்.

செய்து காட்டினேன். திரை இருண்டது. உடனே என் கை ஸ்விட்சுக்குப் போயிற்று. அவன் கையைப் பிடித்துக்கொண்டான்.

"பச்சை விளக்கைப் பாருங்கள், மாமா!"

அது இன்னும் படபடவென்று துடித்துக்கொண்டிருந்தது.

அவன் விளக்கியதைச் சொல்கிறேன். நாம் 'சேமி' என்றவுடன் எழுத்து கார்டுக்குப் போய்விடுவதில்லை. சிறிது நேரம் கம்ப்யூட்டரின் தற்காலிக நினைவில் தங்கிப் பிறகு இறங்குகிறது. கார்டிலோ 1984-ல் ஜப்பானியரான மசுவோகா உலகுக்கு அறிவித்த 'பிளாஷ்' வகை நினைவு. அதில் ஓர் எழுத்தை மட்டும் அழித்துத் திருத்த முடியாது. ஒரு பாத்தி முழுவதையும் அழிக்க வேண்டும். ஆகவே கார்டு, பக்கத்து எழுத்துக்களையும் வேறு இடத்துக்குக் குடியேற்றிப் புது விலாசத்தைப் பேரேட்டில் குறித்துக்கொள்ளும். நடுவில் மின்சாரத்தைப் பறித்தால் பேரேடு கிழிந்துபோகும். அன்றைக்குத் தொடாத பழைய அத்தியாயமும் விலாசமில்லாமல் அநாதையாகிவிடும்.

திரை இருண்டது வேலை முடிந்ததற்கு அடையாளமல்ல. முந்தைய இரவுகளில் அதிர்ஷ்டத்தால் தப்பினேன், அவ்வளவுதான்.

இனி மின்சாரம் போனாலும் கெடாதபடி, இயங்கும் பகுதியை எழுத முடியாமல் பூட்டினான். நாவலைத் தனி பென்டிரைவில் வைத்தான். தினமும் ஒரு பிரதி எடுக்கச் சொன்னான். பச்சை விளக்கின் துடிப்பு நின்றபின் பத்து எண்ணி ஸ்விட்சை அணைப்பது என் பொறுப்பு.

எல்லாம் சரியாயிற்று, ஒன்றுதான் பாக்கி. கொல்லையில் விறகு பிளந்துகொண்டிருந்த பெரியவரிடம் போய், "தப்பு என்னுடையதுதான், பெரியவரே. மன்னிக்க வேண்டும்" என்றேன்.

அவர் கோடரியைக் கீழே வைத்தார். "அந்த ரெண்டு கதையை மறுபடி எழுதிட முடியுங்களா?" என்று கேட்டார்.

எழுதிவிட்டேன். முன்னதைவிட நன்றாக வந்தது என்று சொல்லமாட்டேன். ஆனால் கோபம் வரும்போதும் இப்போதெல்லாம் பத்து எண்ணிப் பார்க்கிறேன்.