இட்டாலிக் யாருடைய எழுத்து?

வேர்டில் 'பி', 'ஐ', 'யு' என்று மூன்று பட்டன்கள் வரிசையாக இருக்கும். நடுவில் சாய்ந்து நிற்கிறதே 'ஐ', அதை அழுத்தினால் எழுத்து வலப்பக்கம் சாயும். ஆங்கில அசைன்மென்ட்டில் புத்தகத்தின் பெயர், வேற்றுமொழிச் சொல், அழுத்திச் சொல்ல வேண்டிய வார்த்தை... எல்லாவற்றுக்கும் அதுதான். அந்த ஒரு பட்டனுக்குப் பின்னால் ஐந்நூறு வருடக் கதை இருக்கிறது. கொஞ்சம் சோகமான கதை.

முதலில் ஒரு சின்ன சோதனை. டைம்ஸ் நியூ ரோமனில் ஆங்கிலச் சின்ன 'ஏ'வை டைப் செய்து 'ஐ'யை அழுத்திப் பாருங்கள். தலைக்கு மேல் கொக்கி போல வளைந்திருந்த எழுத்து, கையால் எழுதுவது போல உருண்டையாக மாறிவிடும். சின்ன 'எஃப்' கோட்டுக்குக் கீழே வால் நீட்டும். அதையே ஏரியலில் செய்தால் 'ஏ'வின் கொக்கி அப்படியே இருக்கும், சாய மட்டும் செய்யும். ஆக, உண்மையான இட்டாலிக் என்பது நேர் எழுத்தைப் பிடித்துத் தள்ளியது அல்ல. அது வேறு எழுத்து, வேகமாக ஓடும் பேனாவின் எழுத்து. டைம்ஸ் போன்ற செரிஃப் எழுத்துருக்களில் கோடுகளின் முனையில் குட்டிப் பாதங்கள் இருக்கும். இட்டாலிக்கில் அந்தப் பாதம், பேனா உள்ளே வந்து வெளியே போன ஒரு சின்ன இழுப்பாகிவிடும். அதன் அழகே அங்கேதான்.

15ஆம் நூற்றாண்டு இத்தாலியில் படித்தவர்கள் இப்படித்தான் எழுதினார்கள். ஃபிளாரன்ஸின் நிக்கோலோ நிக்கோலி, பழைய நூல்களை வேகமாகப் பிரதி எடுப்பதற்காகச் சாய்த்தும் சேர்த்தும் எழுதியவர். இந்த வகைக் கையெழுத்தை ஈயத்தில் கொண்டுவர ஆசைப்பட்டார் வெனிஸ் பதிப்பாளர் ஆல்டஸ் மனூட்டியஸ். செய்து கொடுத்தவர் பொலோனியாவைச் சேர்ந்த பிரான்செஸ்கோ கிரிஃபோ.

லேசான வேலை இல்லை. எஃகுத் துண்டின் முனையில் எழுத்தை இடவலம் மாற்றிச் செதுக்க வேண்டும். அதைச் செம்பில் அடித்துப் பள்ளம் உண்டாக்கி, ஈயக் கலவையை ஊற்றி வார்க்க வேண்டும். ஒவ்வொரு எழுத்துக்கும் தனித்தனி எஃகு! எழுத்துகள் கைகோத்து வர வேண்டுமே என்று பல கூட்டெழுத்துகளையும் செதுக்கினார் கிரிஃபோ. பெரிய எழுத்துகள் மட்டும் அப்போது நேராகவே நின்றன.

1500-ல் ஒரு புத்தகத்தின் படத்தில் சில சொற்களாக அது தலைகாட்டியது. 1501-ல் வர்ஜிலின் கவிதைகள் முழுக்க முழுக்க அந்த எழுத்தில், கையில் அடங்கும் சின்னப் புத்தகமாக வந்தன. ஒரு வார்த்தையை அழுத்திக் காட்டும் வேலையெல்லாம் இட்டாலிக்குக்குப் பின்னால் வந்து சேர்ந்ததுதான். நண்பர் கையால் எழுதித் தந்தது போன்ற புத்தகம் என்பதே அன்றைய கவர்ச்சி.

அந்தப் புத்தகத்தின் முன்பக்கத்தில் கிரிஃபோவைப் பாராட்டிச் சில வரிகள் போட்டார் ஆல்டஸ். ஆனால் 1502-ல் வெனிஸ் செனட் அந்த எழுத்துக்குப் பத்து வருட உரிமை கொடுத்தது ஆல்டஸுக்கு. செதுக்கியவருக்கு அல்ல.

அந்த உரிமை பிரான்ஸின் லியோன் அச்சுக்காரர்களை ஒன்றும் செய்யவில்லை. அவர்கள் காப்பியடித்துத் தள்ளினார்கள். போலிகளை அடையாளம் காட்ட, அவற்றிலுள்ள பிழைகளைப் பட்டியல் போட்டு 1503-ல் ஓர் எச்சரிக்கை வெளியிட்டார் ஆல்டஸ். லியோன்காரர்கள் அந்தப் பட்டியலை வைத்தே தங்கள் பிழைகளைத் திருத்திக்கொண்டார்கள்!

கிரிஃபோ நிலைமைதான் பாவம். வெனிஸ் மண்ணில் தன் கை உருவாக்கிய எழுத்தைத் தானே இன்னொருவருக்கு விற்க முடியாது. ஆல்டஸைப் பிரிந்து ஃபானோ நகரில் சொன்சினோ என்ற அச்சாளரிடம் போனார். 1503-ல் சொன்சினோ தன் புத்தகம் ஒன்றில், இந்த எழுத்தின் பெருமை கிரிஃபோவுக்கே உரியது என்று வெளிப்படையாக எழுதினார். 1516-ல் கிரிஃபோ சொந்த ஊரில் தானே புத்தகம் போடத் தொடங்கி, தன் எழுத்தால் ஆல்டஸ் பணமும் அழியாப் புகழும் அடைந்ததைக் குறிப்பிட்டார். கொஞ்ச காலத்தில் மருமகனோடு நடந்த சண்டையில் அவரை இரும்புத் தடியால் அடித்துக் கொன்றுவிட்டார் என்கிறது வரலாறு. அதோடு கிரிஃபோவின் சுவடு மறைந்து போகிறது.

1929-ல் மோனோடைப் நிறுவனம் கிரிஃபோவின் நேர் எழுத்தைப் புதுப்பித்தபோது வைத்த பெயர் பெம்போ. அந்த எழுத்தில் முதலில் அச்சான நூலின் ஆசிரியர் பெயர் அது. 1954-ல் ஹெர்மன் ஸாஃப் வடிவமைத்த எழுத்துருவுக்குப் பெயர் ஆல்டஸ். கிரிஃபோ பெயரிலும் ஓர் எழுத்துரு உண்டு. மார்டர்ஸ்டைக் என்பவர் தன் கை அச்சகத்துக்காகச் செய்துகொண்டது. அதைப் பார்த்தவர்கள் குறைவு.

தமிழில் 'ஐ'யை அழுத்தினால் என்ன ஆகிறது? பெரும்பாலான எழுத்துருக்களில் கம்ப்யூட்டர் எழுத்தைப் பிடித்துத் தள்ளுகிறது, அவ்வளவுதான். 'ழ'வும் 'ண'வும் விழப்போகிற மாதிரி நிற்கும். அதனால்தான் அச்சில் நூல் பெயருக்கு மேற்கோள் குறியோ தடித்த எழுத்தோ போடுகிறார்கள். தமிழுக்கென்று ஓடும் எழுத்து ஒன்று வேண்டுமானால், வேகமாக எழுதும் தமிழ்க் கையைப் பார்த்து யாராவது உட்கார்ந்து வரைந்தால்தான் உண்டு. அப்படி ஒருவர் வரைந்தால், அந்த எழுத்துருவுக்கு அவர் பெயரையே வைக்கட்டும்.