அச்சும் மூலமும்

சுவர் என்று ஒன்று இருந்தால் அதில் படம் ஒன்று தொங்க வேண்டும் என்பது நம் இல்லங்களின் எழுதாத சட்டம். திரு இருதய ஆண்டவர், சகாய மாதா, மறைந்த பாட்டனாரின் நிழற்படம், நாள்காட்டி - இவற்றுள் எதைக் காட்டினாலும் 'இது இன்னது' என்று சிறு குழந்தையும் சொல்லிவிடும். வெள்ளாற்றை அடுத்த கருவேப்பிலங்குறிச்சியில், நம் பங்கு இல்லத்தின் முன்னறையில் தொங்கும் படமோ அப்படிச் சொல்லிவிட இயலாத ஒன்று. கட்டம் கட்டமான கோடுகள்; எறும்பு ஊர்ந்தாற்போல் வரிசை வரிசையாய் எழுத்துகள்; நடுநடுவே வட்டங்கள், முக்கோணங்கள். எழுத்துகள் எழுத்துகளைப் போலத் தோன்றுகின்றனவே அன்றி, எம்மொழியிலும் சொல்லாகக் கூடி வருவதில்லை.

இது கே.சி.எஸ். பணிக்கரின் 'சொற்களும் குறியீடுகளும்' என்னும் வரிசையைச் சேர்ந்த ஓவியம் ஒன்றின் நகல். கித்தான் துணியில் எந்திரம் மை தெளித்து அச்சிட்டு, மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டியது. சென்னையிலுள்ள குருத்துவ நண்பர் ஒருவர் அன்பளிப்பாகத் தந்தார். பணிக்கர் 1911இல் கோயம்புத்தூரில் பிறந்தவர்; 1957 முதல் பத்தாண்டுகள் சென்னை அரசு ஓவியக் கல்லூரியின் முதல்வராய் இருந்தவர்; தென்னாட்டில் நவீன ஓவியத்திற்குப் பாதை வெட்டிய முன்னோடி. இவ்வரிசைக்கு முன்னர் மனித உருவங்களையும் தீட்டினார். அமைதிக்காக உழைப்போர் பேறுபெற்றோர் என்னும் மலைப்பொழிவுச் சொல்லைத் தலைப்பாகக் கொண்ட ஓவியமும் அவருக்கு உண்டு. 1963இல் ஒரு மாணவனின் கணக்கு நோட்டுப் பக்கம் தற்செயலாக அவர் கண்ணில் பட்டது. எண்களும் இயற்கணித எழுத்துகளும் வடிவியல் கோடுகளும் கலந்து கிடந்த அப்பக்கத்திலிருந்தே இப்புதிய ஓவிய மொழி பிறந்தது. சாதகக் கட்டங்களும் மலையாள எழுத்தின் சாயலும் அதில் வந்து சேர்ந்தன.

நம் முன்னறைக்கு வருவோர் இவ்வரலாறு அறியார். ஆயினும் அவர்கள் சொல்வது வியப்பளிக்கின்றது. ஞானஸ்நானப் பதிவுக்காக வந்த மூதாட்டி ஒருவர், "இது யாரோட சாதகம் சாமி?" என்று கேட்டார். மறைக்கல்விக்கு வந்த சிறுவன் ஒருவன், "வாத்தியார் திருத்தாத கணக்கு நோட்டு" என்றான். ஓவியர் எங்கிருந்து புறப்பட்டாரோ அவ்விடத்தை இருவரும் தாமாகவே தொட்டுவிட்டனர். எ, ஏ என்றும் ஒ, ஓ என்றும் ஐயமறப் படிக்கும்படி நம் எழுத்தைச் சீர்செய்த வீரமாமுனிவர் உலவிய மண் இது. அம்மண்ணில், படிக்கவே இயலாத எழுத்தும் மக்களோடு பேசுகின்றதே என்று எண்ணி மகிழ்ந்தோம்.

ஆனால் நம்மை நெடுநாள் சிந்திக்க வைத்தவர் மூன்றாமவர். விருத்தாசலத்துப் பீங்கான் தொழிற்கூடம் ஒன்றில் நாற்பது ஆண்டுகள் பொம்மை வார்த்து ஓய்ந்த அன்பர் அவர். படத்தை அவர் பார்க்கவில்லை, விரலால் தடவினார். "சாயம் மேல நிக்கல சாமி, துணிக்குள்ள எறங்கிக் கெடக்கு. இது அச்சு வேலை. மூலம் எங்க இருக்கு?" என்றார்.

தொழில் அறிந்த கை கேட்ட கேள்வி அது. பீங்கான் பொம்மை பிறக்கும் விதம் வாசகர் பலரும் அறிந்திராதது. முதலில் ஒரு கலைஞர் மூல உருவைச் செய்கின்றார். அதன்மேல் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் ஊற்றி அச்சு எடுப்பர். அந்த அச்சுக்குள் 'ஸ்லிப்' எனப்படும் களிமண் கூழை ஊற்றினால், பிளாஸ்டர் நீரை உறிஞ்சிக்கொள்ள, சுவரோரமாய் மண் கெட்டியாகப் படியும். மிஞ்சிய கூழைக் கவிழ்த்துவிட்டு, அச்சைப் பிரித்தால் உள்ளே கூடான பொம்மை. உலரும்போதும் சூளையில் வேகும்போதும் மண் சுருங்குவதால், பொம்மை தன் மூலத்தைவிடச் சிறுத்தே போகும். பலமுறை வார்த்த அச்சு தேய்ந்து, விரலும் மூக்கும் கூர்மை இழக்கும். எந்த நகலும் ஏதோ ஒன்றை இழந்தே பிறக்கின்றது. நம் சுவரிலுள்ள படமும் அவ்வாறே. கோடும் நிறமும் வந்து சேர்ந்தன. ஓவியரின் தூரிகை விட்டுச் சென்ற மேடு பள்ளம் வரவில்லை. இவ்வரிசையின் மூல ஓவியங்களைக் காண வேண்டுமெனில் திருவனந்தபுரம் அருங்காட்சியக வளாகத்தில் அவர் பெயரால் அமைந்த கூடத்திற்குச் செல்ல வேண்டும் என்று அன்பரிடம் கூறினோம்.

அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "நாப்பது வருசம் அச்சுல வார்த்தேன் சாமி. எத்தனையோ வீட்டு அலமாரியில நம்ம பொம்மை நிக்குது. ஒண்ணுலயும் நம்ம பேரு இல்ல. நீ என்னத்த செஞ்சேன்னு மவன் கேக்கறான். என்ன பதில் சொல்றது?" என்றார்.

விடை உடனே நம் நாவில் வரவில்லை. ஒரு மனிதன் தன் வாழ்நாளின் பயனைக் கேட்கும்போது விரைந்து ஆறுதல் சொல்வது அழகன்று. அவர் சென்ற பின்னரே எண்ணிப் பார்த்தோம்.

நம் திருச்சபை நகலைத் தாழ்வாக எண்ணியதில்லை. உருவத்திற்குச் செய்யும் வணக்கம் அதன் மூலத்தையே சென்று சேர்கின்றது என்று 787ஆம் ஆண்டில் கூடிய இரண்டாம் நிசேயாப் பொதுச்சங்கம் தெளிவுறக் கற்பித்தது. சகாய மாதாவின் மூலப்படம் உரோமையில் ஓர் ஆலயத்தில் உள்ளது. 1866இல் திருத்தந்தை 9ஆம் பத்திநாதர் அதை ஒரு துறவற சபையினரிடம் ஒப்படைத்து, அன்னையை உலகறியச் செய்யுமாறு பணித்தார். அப்பணியை நிறைவேற்றியவை நகல்களே. மூலத்தை நேரில் கண்டவர் நம்முள் எத்தனை பேர்? அண்மையிலுள்ள கோணான்குப்பத்துப் பெரியநாயகி அன்னையையே எடுத்துக்கொள்வோம். வீரமாமுனிவர் அன்னையைத் தமிழ்ப் பெண்ணின் கோலத்தில் படமாக்கி மணிலாவுக்கு அனுப்பி, அதைக்கொண்டு சிலை வரவழைத்தார் என்பது மரபு. படத்தைப் பார்த்துச் செதுக்கிய அச்சிற்பியின் பெயரை இன்று யார் அறிவார்? ஆயினும் அவர் கைவேலையின் முன்தான் நம் மக்கள் கண்ணீர் சிந்துகின்றனர்.

பணிக்கரின் வாழ்விலும் இதற்கு ஒரு சான்று உண்டு. 1966இல் அவரும் அவருடைய மாணவர்களும் சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை நிறுவினர். ஓவியம் விற்று வயிறு நிறையாத காலம் அது. ஆகவே பாத்திக் துணி முதலிய கைவினைப் பொருள்களைச் செய்து விற்று, அவ்வருவாயில் நிலம் வாங்கி, ஓவியம் தீட்டினர். பெரிய ஓவியங்களுக்குப் பின்னே, பெயர் பொறிக்காத எத்தனையோ துணிகள் நின்று சோறு போட்டன. 1977இல் பணிக்கர் மறைந்தார். அக்கிராமம் இன்றும் நிலைத்திருக்கின்றது.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் இவற்றை அன்பரிடம் எடுத்துரைத்தோம். பொறுமையாகக் கேட்டார். கோணான்குப்பத்துச் சிற்பியைப் பற்றிச் சொன்னபோது தலையசைத்தார். பின்னர், நாம் எதிர்பாராத ஒன்றைக் கூறினார்: "அச்சுல எல்லாம் வரும் சாமி, கண்ணு மட்டும் வராது. ஒட்டு போட்ட கோட்டைக் கத்தியால சொரண்டி, ஈரப் பஞ்சால தொடச்சு, கடைசியில கண்ணைக் கையாலதான் எழுதணும். அதனால ரெண்டு பொம்மை ஒரே மாதிரி பார்க்காது." 'இதையே உம் மகனிடம் சொல்லும்' என்றோம். "சொல்லிப் பாக்கறேன்" என்று விடைபெற்றார்.

அன்பார்ந்த வாசகரே, உம் இல்லத்தில் தொங்கும் அச்சுப்படம் எதுவாயினும், அதன் மூலம் எங்குள்ளது, அதைப் படைத்தவர் யார் என்று பிள்ளைகளோடு சேர்ந்து ஒருநாள் விசாரித்தறிவீராக. வாய்ப்புக் கிட்டினால் ஈஞ்சம்பாக்கம் சென்று, மூல ஓவியத்தின் முன் சற்றே நிற்பீராக. அலமாரியில் பீங்கான் பொம்மை ஏதேனும் இருப்பின், அதையும் எடுத்து அதன் கண்களை உற்று நோக்குவீராக. இடக்கண்ணும் வலக்கண்ணும் மயிரிழை அளவு வேறுபட்டிருக்கக் காண்பீர். அவ்விடத்தில் ஒருவர் மூச்சை அடக்கிக்கொண்டு, நடுங்காத கையால் மை இட்டிருக்கின்றார்.