வெளுத்த குழிதான் வீரியம்

கடலாடிப் பக்கம் எங்கள் மானாவாரி நிலத்தில் அவுரி போடுவோம். சாயத்துக்கான நீல அவுரி இல்லை. பேதிக்கு ஆகும் நிலாவரை. வெளிநாட்டுச் சந்தையில் 'திருநெல்வேலி சென்னா'. இலையை நிழலில் பச்சை மாறாமல் காயவைத்தால் நல்ல விலை. வியாபாரி ஒரு கைப்பிடி அள்ளுவார், கசக்குவார், விலை சொல்லிவிடுவார். பேதியாக்கும் சென்னோசைடு அதில் எவ்வளவு என்று அவருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. அந்த அளவைக் கையில் வைத்துக்கொண்டு பேரம் பேசும் ஆசையில்தான் ஆய்வுக்கே போனேன். அறிவியல் ஆர்வமெல்லாம் பிறகு வந்தது.

2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில், ஜப்பானின் க்யூஷு பல்கலைக்கழகத்தில் யுகிஹிரோ ஷோயாமாவின் குழு சென்னோசைடுக்கு ஆன்டிபாடி உருவாக்கியது. லேசான வேலை இல்லை. சென்னோசைடின் மூலக்கூறு எடை சுமார் 863தான். இத்தனை சிறியதை எலியின் உடல் கண்டுகொள்ளவே செய்யாது. பெரிய புரதம் ஒன்றோடு ஒட்டி ஊசி போட்டால்தான் ஆன்டிபாடி சுரக்கும்.

அப்படிப்பட்ட ஆன்டிபாடியை வைத்து நான் அளக்கும் எலைசா தட்டில் 96 குழிகள். அடியில் புரதத்தோடு ஒட்டிய சென்னோசைடைப் பூசிவிட்டு, மேலே இலைச்சாற்றையும் ஆன்டிபாடியையும் ஊற்ற வேண்டும். சாற்றில் சென்னோசைடு நிறைய இருந்தால், அது ஆன்டிபாடியைத் துண்டு போட்டுப் பிடித்துக்கொள்ளும். கழுவும்போது இரண்டும் சேர்ந்தே போய்விடும். அடியில் ஒட்டிய மிச்சத்துக்குத்தான் நீல நிறம் வரும். கடைசியில் அமிலம் விட்டதும் நீலம் சட்டென்று மஞ்சளாகும்.

அந்தத் தட்டின் படத்தைச் சித்தப்பாவிடம் செல்போனில் காட்டினேன். அடர்மஞ்சள் குழியைத் தொட்டு, "இதுதானே நம்ம இலை?" என்றார்.

"இல்ல சித்தப்பா, வெளுத்துக் கெடக்குல்ல, அது."

"அடப்பாவி! பச்ச மாறக் கூடாதுன்னு பொத்திப் பொத்திக் காயவச்சா, ஒன் மிசினுக்கு வெளுத்ததுதான் ஒசத்தியா?"

வியாபாரியிடம் அளவு எழுதிய தாளை நீட்டியபோது அவர் அதை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். வாங்குகிறவன் மருந்துநூல் சொல்லும் முறையில்தான் கேட்பான் என்றார். நியாயம்தான். ஐரோப்பிய மருந்துநூல் நெடுங்காலமாகக் கேட்டது, சென்னோசைடு வகைக் கிளைகோசைடுகள் எல்லாம் சேர்ந்து 2.5 சதவீதம்; என் ஆன்டிபாடிக்கோ சென்னோசைடு ஏ மட்டும்தான் தெரியும். பக்கத்திலேயே பி இருந்தாலும் அநேகமாகத் திரும்பிப் பார்க்காது. அதைக் குறை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதற்காகத்தானே அதை உருவாக்கினார்கள்?

விலை பேச இப்போது தட்டைக் கொண்டுபோவதில்லை. விதைக்குச் செடி பொறுக்கும் வேலைக்கு வைத்திருக்கிறேன். செடிக்கு ஓர் இலை கிள்ளினால் போதும், ஒரே தட்டில் ஒரு பாத்தி முழுக்கப் பார்த்துவிடலாம். தேறிய செடிகளில் சித்தப்பா சிவப்புத்துணி கட்டிவிடுவார்.