பாடுகிற வாய் பேசலாகாதா?

சிங்காநல்லூரில் எங்கள் படிப்பகம் ஒன்று இருக்கிறது. ஓட்டு வீடு, இரண்டு விசிப்பலகை, சுவரில் பெரியார் படம். ஞாயிறு மாலைகளில் இளைஞர்கள் பத்துப் பதினைந்து பேர் கூடுவர். 2024 மார்ச்சுத் திங்களில், அத்தகைய ஒரு மாலையில், நான் அங்கே முழங்கினேன். ஆம், முழங்கினேன் என்றுதான் சொல்லவேண்டும். கை தட்டினார்கள், மகிழ்ந்தேன். கை தட்டாத ஓர் இளைஞனால்தான் இந்தக் கட்டுரை பிறந்தது.

அன்று நான் எடுத்துக்கொண்ட பொருள், பாடகர் டி.எம். கிருஷ்ணா. சென்னை மியூசிக் அகாடமி அவருக்குச் 'சங்கீத கலாநிதி' விருதை அறிவித்த சில நாட்களில் புயல் கிளம்பிற்று. ரஞ்சனி, காயத்ரி சகோதரியர் அகாடமியின் மாநாட்டிலிருந்து விலகிக்கொண்டனர். அவர்கள் அடுக்கிய குற்றங்களில் ஒன்று, கிருஷ்ணா பெரியாரைப் போற்றுகிறார் என்பது! அவர் சுருதி தவறினார் என்றல்ல; தாளம் பிசகினார் என்றல்ல; ஈரோட்டுக் கிழவரைப் போற்றினார் என்பது குற்றம். அகாடமித் தலைவர் என். முரளி அந்த எதிர்ப்பை ஏற்கவில்லை. அறிவித்த விருதை மாற்றவுமில்லை.

கிருஷ்ணா பாடிய பெரியார் பாட்டை எழுதியவர் யார்? நம் கொங்கு மண்ணின் பெருமாள்முருகன். அவர் பட்ட பாட்டை நாடறியும். 'மாதொருபாகன்' புதினத்துக்காகத் திருச்செங்கோட்டில் நூலைக் கொளுத்தினர், கடைகளை அடைத்தனர். 2015 சனவரியில் நாமக்கல் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் 'அமைதிப் பேச்சு' நடத்தினர். அந்த அமைதி எத்தகைய அமைதி! எழுத்தாளன் பெருமாள்முருகன் செத்துவிட்டான் என்று அவரே அறிவிக்க நேர்ந்த அமைதி! 2016 சூலையில் சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகே அந்தப் பேனா மறுபடி எழுந்தது. ஒருவர் எழுதினார், வாயடைத்தனர். மற்றவர் பாடினார், விருதைப் பறி என்றனர். இவற்றையெல்லாம் அன்று எடுத்துக்காட்டி, "கலைஞன் வாய்க்குப் பூட்டுப் போட இவர்கள் யார்?" என்று கேட்டு முடித்தேன்.

அப்போதுதான் அந்த இளைஞன் எழுந்தான். தனியார் ஆலையொன்றில் விசைத்தறி ஓட்டுகிறவன், அதிகம் பேசாதவன்.

"ஐயா, எனக்கொரு ஐயமுங்க."

"கேள், தம்பி."

"இரண்டு வருசத்துக்கு முன்னால, இளையராஜா எழுதுனப்ப, இதே பலகைல உக்காந்து நீங்க என்ன சொன்னீங்க?"

எனக்கு நினைவு வந்தது. வராமல் இருந்திருந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும்!

2022 ஏப்ரலில், அம்பேத்கரையும் மோடியையும் ஒப்பிட்ட ஒரு நூலுக்கு இளையராஜா முன்னுரை தந்தார். கொதித்தேன். கொதித்தது தவறல்ல. ஆனால் கொதிப்பில் என்ன சொன்னேன்? "இசையமைக்கத் தெரிந்தவனுக்கு அரசியல் எதற்கு? ஆர்மோனியப் பெட்டியோடு நிற்கட்டும்!" என்றேன். அதே சூலையில் அவர் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டபோது, "பார்த்தீர்களா விலையை!" என்று சிரித்தேன். அந்நாட்களில் சிலர் அவர் பிறந்த சாதியையும் பழைய வறுமையையும் கூட இழுத்துப் பேசினர். நான் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. ஆனால் என் முன்னே ஒருவர் சொன்னபோது, வாய்திறந்து கண்டிக்கவும் இல்லை.

பாடட்டும், பேசக்கூடாது என்று கிருஷ்ணாவின் எதிரிகள் சொல்வதும், பெட்டியோடு நிற்கட்டும் என்று நான் சொன்னதும் ஒன்றுதானே? 1946இல் திருவையாற்றில் தண்டபாணி தேசிகர் தமிழ்ப் பாட்டுப் பாடியதால் மேடை தீட்டாகிவிட்டது என்றார்களே, 'தீட்டாயிடுத்து' என்று தலைப்பிட்டுக் 'குடி அரசு' அதைச் சாடியதே, அந்தத் தீட்டு என் நாக்கில் எப்போது குடியேறியது?

இதில் வேடிக்கை என்னவென்றால், இளையராஜா ஏறிய முதல் மேடையே அரசியல் மேடைதான். அண்ணன் பாவலர் வரதராசனோடு பொதுவுடைமைக் கட்சிக் கூட்டங்களில் ஊர் ஊராக வாசித்து வளர்ந்தவர் அவர். அந்நாளில் அவருக்கு அரசியல் எதற்கு என்று நம்மில் எவர் கேட்டோம்?

நம் பக்கத்துக் கொடுமுடியையே பாருங்கள். கே.பி. சுந்தராம்பாள் அம்மையார் அழுத்தமான காங்கிரசுக்காரர், முருக பக்தர், சட்ட மேலவைக்கும் சென்றவர். நம் இயக்கத்துக்கு எதிர்முகாம். ஆயினும் 1964இல் வந்த 'பூம்புகார்' படத்தில், கலைஞர் கருணாநிதி எழுத்தில், கவுந்தியடிகளாக நடித்தார். தெய்வத்தைக் கேள்வி கேட்கும் ஓரிடத்தைப் பாட அம்மையார் மறுத்ததாகவும், அவருக்காக அந்த இடம் மாற்றப்பட்டதாகவும் சொல்வார்கள். பாட்டு வளைந்தது; பாடியவரின் மனத்தை வளைக்க எவரும் முயலவில்லை. அதனால் பகுத்தறிவு குறைந்துபோயிற்றா? இல்லை. எதிரியின் உள்ளத்துக்கும் மதிப்புத் தரத் தெரிந்த இயக்கம் என்ற பெயரே மிஞ்சிற்று.

அப்படியானால் எதிர்ப்பே கூடாதா என்று கேட்பீர்கள். கூடும், தோழர்களே! கட்டாயம் கூடும். ஒரு மேடையில் பாடமாட்டேன் என்று விலகுவது ரஞ்சனி, காயத்ரி சகோதரியரின் உரிமை; அதை நான் பறிக்கமாட்டேன். பெரியாரைப் பற்றி அவர்கள் சொன்னது தவறு என்று எழுதுவது என் உரிமை. அதை அவர்கள் பறிக்கக்கூடாது. பேசியவன் பிறப்பை இழுப்பது எதிர்ப்பல்ல. அவன் பிழைப்பைக் கெடுப்பது எதிர்ப்பல்ல. உன் தொழிலைப் பார் என்று வாயை மூடுவது எதிர்ப்பல்ல. அது பதில் இல்லாதவன் தேடும் குறுக்குவழி. அந்த வழியின் கடைசியில் என்ன நிற்கிறது என்பதைக் கோவை அறியும். கடவுள் இல்லை என்று சொன்னதற்காக 2017 மார்ச்சில் தோழர் ஃபாரூக் இந்த ஊரில்தான் வெட்டிக் கொல்லப்பட்டார். ஏளனத்துக்கும் கத்திக்கும் தொலைவு அதிகம்தான், ஒப்புகிறேன். ஆனால் இரண்டும் ஒரே திசையில் நடக்கின்றன.

அன்று அந்த இளைஞனிடம், "நான் பேசியது பிழை, தம்பி" என்றேன். சொல்வதற்குத் தொண்டை அடைத்தது. பிறகு அவன் கேட்டான்: "அப்பறம் என்னங்க சொல்லியிருக்கோணும்?"

இதைச் சொல்லியிருக்க வேண்டும்: "இசைஞானி அவர்களே, அம்பேத்கர் 1927இல் மகாத்தில் மனுநூலைக் கொளுத்தியவர். இந்துச் சட்டத் திருத்தம் நிறைவேறவில்லை என்று 1951இல் அமைச்சர் பதவியைத் தூக்கி எறிந்தவர். 1956இல் நாகபுரியில் இலட்சக்கணக்கான மக்களோடு இந்து மதத்தை விட்டே வெளியேறியவர். அவரையும், இந்துத்துவக் கொள்கையில் வளர்ந்த ஒருவரையும் எந்தத் தராசில் ஒன்றாக நிறுத்தினீர்கள்? விளக்குங்கள், கேட்கிறோம்."

இதில் ஆர்மோனியப் பெட்டி எங்கே வருகிறது? பிறப்பு எங்கே வருகிறது? கேள்வி மட்டுமே இருக்கிறது. கேள்வி கேட்கத்தானே நாம் இயக்கத்துக்கு வந்தோம்! நான் சொல்வதை அப்படியே நம்பாதே, உன் அறிவுக்குச் சரியென்று பட்டால் ஏற்றுக்கொள் என்று ஊர் ஊராகச் சொன்னவரின் பெயரால், ஒரு கலைஞனை எப்படி வாயடைக்கச் சொல்வது?

நம்மைப் போற்றும் பாடகனுக்காகக் கொடி பிடிப்பது எளிது. நம்மை நோகச் செய்யும் பாடகனின் பேச்சுரிமைக்காக நின்று, அவன் பேச்சை அறிவால் மறுப்பதே கடினம். பேச்சுரிமையில் நமக்கு மெய்யாகவே பற்று உண்டா என்பது அங்கேதான் தெரியும். நான் ஒருமுறை தேறவில்லை. இளைஞர்களே, நீங்கள் தேறுங்கள். நாளைக்கு என் நாக்கு மறுபடி தவறினால், அந்தத் தறிக்காரத் தம்பியைப் போல எழுந்து நின்று கேளுங்கள்.